டீயில் நனையும் பன்: மாவைக் குறைத்த ஓர் அடுப்படியின் பத்து மாதப் பதிவு

2023 அக்டோபர் கடைசியில், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, என் கணவரின் ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.1. 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்பது கணக்கு. வயது 49, எடை 82 கிலோ. மருத்துவர் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எழுதிக்கொடுத்து, சோற்றைப் பாதியாக்கச் சொன்னார்.

சோற்றைக் குறைப்பது அவருக்குப் பெரிய பாடாக இல்லை. தூத்துக்குடிக்காரர். தட்டில் மீன் இருந்தால் சோறு குறைந்தது கண்ணில் படாது. சிக்கல் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான். முப்பது வருடமாக வேலை முடிந்து வரும் வழியில் ஒரு டீ, ஒரு பன். பன்னைப் பிய்த்து டீயில் முக்கி, சொட்டுவதற்கு முன் வாயில் போட வேண்டும். அந்தப் பத்து நிமிடம்தான் அவருடைய நாளில் அவருக்கென்று இருந்த நேரம். அதை எடுத்துவிட்டு ஒரு கிண்ணம் வெள்ளரிக்காய் கொடுத்தேன். நான்கு நாள் பேசாமல் சாப்பிட்டார். ஐந்தாம் நாள் அந்தக் கடை வழியாக வரவேண்டாம் என்று வேறு தெருவில் சுற்றி வந்ததாகச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை.

அன்றைக்குத் தொடங்கியதுதான், மைதா இல்லாமல் ஒரு பன் செய்யும் இந்தச் சோதனை. நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். எதைச் செய்தாலும் எடை போட்டு, நேரம் குறித்து எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. அந்த நோட்டில் இருப்பதைத்தான் இங்கே தருகிறேன். ஒரு வீடு, ஒரே ஓர் உடம்பு, ஒரு 28 லிட்டர் ஓடிஜி என்னும் மின் அடுப்பு. எல்லாருக்கும் இப்படித்தான் நடக்கும் என்று நான் சொல்லவில்லை.

தொடங்குவதற்கு முன் செய்த ஒரு காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். மருத்துவரிடம் போய், மாவுச்சத்தை ஒரு நாளைக்கு 80 கிராமுக்குள் கொண்டுவரப் போகிறோம் என்று சொன்னோம். அவர் அன்றே கிளிமிபிரைடை நிறுத்தினார். அந்த மாத்திரை கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுவது. சாப்பாட்டில் மாவு இல்லாதபோதும் அது தன் வேலையைச் செய்யும், சர்க்கரை தாழ்ந்து ஆள் மயங்கி விழலாம். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து. டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு வேறு மாதிரி ஆபத்து: ரத்தத்தில் சர்க்கரை அதிகம் ஏறாமலே கீட்டோன் அமிலம் ஆபத்தான அளவுக்குக் கூடிவிடலாம். ஆகவே மாத்திரைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் பேசிய பிறகுதான், மைதாவுக்குப் பதிலாக வரும் பாதாமை ஊறப்போட வேண்டும்.

பக்கத்து வீட்டில் "இதெல்லாம் இப்ப வந்த ஃபேஷன்" என்றார்கள். அப்படி இல்லை. இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது 1921-ல். அதற்கு முன் சர்க்கரை நோயாளிகளுக்கு உணவில் மாவைக் குறைப்பது ஒன்றுதான் வழி. 19ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸில் அப்போலினேர் பூஷார்டா என்ற மருத்துவர் கோதுமை மாவிலிருந்து ஸ்டார்ச்சைக் கழுவி நீக்கி, மிஞ்சும் குளூட்டன் என்ற புரதத்தில் செய்த ரொட்டியைத் தன் நோயாளிகளுக்குக் கொடுத்தார். லண்டனில் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஃபிரெடெரிக் பேவி, பாதாம் மாவுப் பண்டங்களைப் பரிந்துரைத்தார். மற்றதை எல்லாம் விட்டுவிடுகிற மனிதர் ரொட்டியை மட்டும் விட முடியாமல் தவிப்பதை அவர்களும் பார்த்திருக்கிறார்கள். என் அடுப்படியில் நடந்தது அந்தப் பழைய தேடலின் சின்னத் தொடர்ச்சி என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு தெம்பு.

தேங்காய்ச் சக்கையில் தொடங்கினோம்

எங்கள் வீட்டில் வாரம் ஒரு முறை சொதி வைப்போம். தேங்காய்ப்பால் எடுத்தபின் மிஞ்சும் சக்கை வழக்கமாகக் குப்பைக்குப் போகும். அதை மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் பொடித்துச் சலித்தால் தேங்காய் மாவு. காசு செலவில்லை, கையில் இருக்கிறது. மைதா 200 கிராம் போடும் இடத்தில் இதை 200 கிராம் போட்டு, முட்டை இரண்டு, வெண்ணெய், பேக்கிங் பவுடர் சேர்த்துப் பிசைந்தேன். பிசைய வரவில்லை. தண்ணீர் ஊற்ற ஊற்றக் குடித்துக்கொண்டே இருந்தது. வெந்து வந்தது ஒரு கட்டி. என் மாமியார் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "ஏளா, கடற்கரை மண்ண அள்ளித் திங்குத மாதிரில்லா இருக்கு" என்றார்.

அத்தை சொன்னது சரிதான். மறுநாள் 50 கிராம் சக்கை மாவை ஒரு கிண்ணத்தில் போட்டு அளந்து தண்ணீர் ஊற்றினேன். 200 மில்லியை உறிஞ்சிவிட்டு, மேலே ஈரம் தெரியாமல் நின்றது. தன் எடையைப் போல் நான்கு மடங்கு. மைதாவுக்குப் பதிலாக அதே எடையில் தேங்காய் மாவு என்று எழுதியிருக்கும் எந்தச் செய்முறையும் வேலைக்கு ஆகாது என்று அன்று புரிந்தது. கால் பங்குதான் போட வேண்டும், முட்டையைக் கூட்ட வேண்டும். அப்படிச் செய்தபோது பன் வரவில்லை, ஆனால் நல்ல தேங்காய் கேக் வந்தது. டீயில் முக்கினால் கரைந்து அடியில் தங்கிவிட்டது.

மாவு என்னென்ன வேலை செய்கிறது

இங்கேதான் நான் நின்று யோசித்தேன். மாவுக்குப் பதில் எந்த மாவு என்று கேட்டுக்கொண்டிருந்தது தவறு. ஒரு பன்னுக்குள் மைதா என்ன வேலை செய்கிறது என்று கேட்டிருக்க வேண்டும்.

மைதாவில் சுமார் 10 சதவீதம் புரதம். தண்ணீர் பட்டுப் பிசையும்போது அது குளூட்டன் என்ற ரப்பர் வலையாகிறது. ஈஸ்ட் விடும் வாயு அந்த வலைக்குள் மாட்டிக்கொள்வதால்தான் பன் உப்புகிறது. இது முதல் வேலை. அடுப்புக்குள் சூடு 60, 70 டிகிரியைத் தாண்டும்போது ஸ்டார்ச் தண்ணீரைக் குடித்து வீங்கிக் கூழாகி, ஆறும்போது இறுகி, உப்பிய உருவத்தை அப்படியே நிறுத்திவைக்கிறது. இது இரண்டாவது. மூன்றாவது வேலை சாதாரணமானது: இடத்தை அடைத்துக்கொண்டு இருப்பது, கடிக்க ஏதாவது கொடுப்பது.

பாதாம் மாவு இந்த மூன்றாவது வேலையை மட்டும்தான் செய்யும். 100 கிராம் பாதாமில் 50 கிராம் கொழுப்பு, 21 கிராம் புரதம், நார் போக 9 கிராம் மாவுச்சத்து. அந்தப் புரதம் வலை பின்னாது. ஆகவே பாதாம் மாவை மட்டும் வைத்து எத்தனை முறை முயன்றாலும் கேக்தான் வரும். இதைப் புரிந்துகொள்ளாமல் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளையும் ஒன்றேகால் கிலோ பாதாமையும் செலவழித்தேன். அப்போது நான் வாங்கிய விலை கிலோ 900 ரூபாய்.

பாதாம் மாவு அரைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. வெந்நீரில் ஊறவைத்துத் தோல் உரிப்பது பாதாம் அல்வா கிண்டிய எல்லாருக்கும் தெரிந்ததுதான். உரித்தபின் ஒரு நாள் முழுக்கக் காயவேண்டும். எங்கள் ஊர்க் கடற்காற்றில் இரண்டு நாள். ஈரம் இருந்தால் மிக்ஸியில் விழுதாகிவிடும். காய்ந்த பருப்பையும் ஒரேயடியாக ஓடவிடக் கூடாது. நான்கு நொடி ஓட்டி நிறுத்தி, குலுக்கி, மறுபடி நான்கு நொடி. சூடேறினால் எண்ணெய் விட்டு வெண்ணெய் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அரைத்த மாவை ஃபிரிட்ஜில் வைக்காவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் காரல் வாடை வந்துவிடுகிறது.

விலைக்குப் பயந்து சூரியகாந்தி விதையையும் அரைத்துப் பார்த்தேன். பாதாமில் பாதி விலை, மாவும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அடுப்பிலிருந்து எடுத்துப் பிட்டபோது உள்ளே பச்சை. பூசணம் என்று பயந்துபோய்க் கொட்டிவிட்டேன். பிறகுதான் வகுப்பில் நானே நடத்தும் பாடம் ஞாபகம் வந்தது. சூரியகாந்தி விதையில் குளோரோஜெனிக் அமிலம் உண்டு. ஆப்பச்சோடா மாதிரிக் காரம் சேர்ந்தால் அது புரதத்தோடு வினைபுரிந்து பச்சையாகும். கெடுதல் இல்லை. எலுமிச்சைச் சாறு இரண்டு டீஸ்பூன் விட்டு, சோடாவைக் குறைத்தால் நிறம் மாறாது. அடுத்த முறை சரியாக வந்தது. அதைக் கொட்டியதில் இன்றும் வருத்தம் உண்டு.

மருந்துக்கடையில் கிடைத்த விடை

முதல் இரண்டு வேலைகளுக்கு ஆள் வேண்டும். உருவத்தை இறுக்கி நிறுத்த முட்டை வெள்ளை போதும். சூட்டில் இறுகுவது அதன் இயல்பு. வாயுவைப் பிடித்துவைக்கும் வலைக்குத்தான் வழி தெரியவில்லை.

விடை எங்கள் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. மாமியார் மலச்சிக்கலுக்காக இரவில் கரைத்துக் குடிக்கும் இசப்கோல். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளைந்து உலகம் முழுவதும் ஏற்றுமதியாகும் விதையின் உமி அது. ஏறக்குறைய முழுவதும் நார். அவர் தம்ளரில் போட்டு ஐந்து நிமிடம் மறந்துவிட்டால் கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாகிவிடும். ஒரு நாள் இரவு அந்தத் தம்ளரைக் கழுவும்போது, கையில் இழுபட்ட அந்தக் கோழையைப் பார்த்துத்தான் தோன்றியது: இழுத்தால் நீள்கிறது, விட்டால் சுருங்குகிறது, வலைக்கு வேண்டியது இதுதானே.

முதல் பன் அழகாக உப்பி வந்தது. வெளியே எடுத்த பத்து நிமிடத்தில் சப்பிப்போனது. நறுக்கினால் மேலே பெரிய பொந்து, கீழே ஈரக் களி. இரண்டாவது தடவை ஊதா நிறத்தில் வந்தது. சில பாக்கெட் உமி அப்படி நிறம் மாறுகிறது, வேறு கம்பெனி உமி வாங்கியதும் சரியானது. மூன்றாவது, நான்காவது எல்லாம் பழையபடி களி.

ஏழாவது தடவையில் நான்கு விஷயங்களை மாற்றினேன். உமியை அப்படியே போடாமல் மிக்ஸியில் பொடித்தேன். ஓடிஜியின் குமிழை நம்பாமல் அடுப்புக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் வாங்கிப் பார்த்ததில், 170 என்று வைத்தால் உள்ளே 190 இருந்தது. மேல்தோல் சீக்கிரம் சிவந்துவிடுவதால் வெந்துவிட்டது என்று நினைத்து இதுவரை அவசரப்பட்டு எடுத்திருக்கிறேன். ஒரே பெரிய ரொட்டியாக இல்லாமல் எட்டு உருண்டையாக உருட்டினேன். கடைசியாக, ஆறும்வரை தொடவில்லை. இசப்கோல் கூழும் முட்டையும் சூட்டில் பிசுபிசுவென்றுதான் இருக்கும், முழுக்க ஆறினால்தான் துண்டு நிற்கும். ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். வீடு முழுக்க மணக்கும்போது அது பெரிய பொறுமைதான்.

இப்போது எங்கள் வீட்டில் நிலைத்த அளவு இது. பாதாம் மாவு 150 கிராம், இசப்கோல் பொடி 40 கிராம், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், உப்பு 1 டீஸ்பூன். இவற்றை ஒன்றாகக் கலந்துகொண்டு, நான்கு முட்டையின் வெள்ளைக் கரு, உருக்கிய வெண்ணெய் 30 கிராம், வினிகர் 2 டீஸ்பூன் சேர்க்க வேண்டும். அப்புறம் கொதித்து இறக்கிய வெந்நீர் 220 மில்லியை ஒரே ஊற்றாக ஊற்றி அரை நிமிடம் மட்டும் கிளறி, பத்து நிமிடம் விட்டுவிட வேண்டும். அதற்குள் களிமண் பதத்துக்கு வந்துவிடும். கையை நனைத்துக்கொண்டு எட்டாக உருட்டி, உண்மையான 170 டிகிரியில் ஒரு மணி நேரம். தட்டினால் பொள்ளென்று சத்தம் வர வேண்டும். மீந்த மஞ்சள் கரு மறுநாள் காலை ஆம்லெட்டுக்குப் போய்விடும்.

பிப்ரவரி மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவர் அதைப் பிய்த்து, சர்க்கரை போடாத டீயில் முக்கினார். நனைந்தது. கரையவில்லை, சொட்டவில்லை. மென்றுவிட்டுச் சொன்னார்: "கடைப் பன்னு இல்ல. ஆனா நனையுது." நோட்டில் அந்தத் தேதிக்கு நேரே நான் வேறெதுவும் எழுதவில்லை, அந்த இரண்டு வாக்கியத்தை மட்டும் எழுதினேன்.

விரல் நுனியில் வந்த எண்கள்

சுவை ஒரு பக்கம், உடம்பு என்ன சொல்கிறது என்பது இன்னொரு பக்கம். சாப்பிடும் முன், ஒரு மணி நேரம் கழித்து, இரண்டு மணி நேரம் கழித்து என்று மூன்று முறை வீட்டு மீட்டரில் பார்த்தோம். இந்த மீட்டர்கள் 15 சதவீதம் வரை முன்பின் காட்டலாம். அதனால் ஒவ்வொரு பண்டத்துக்கும் மூன்று நாள் பார்த்து, நடுவில் இருக்கும் எண்ணை எடுத்துக்கொண்டேன்.

உணவை மாற்றுவதற்கு முந்தைய வாரம், கடைப் பன்னும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயும்: 148, பிறகு 236, பிறகு 204. பிப்ரவரியில் இசப்கோல் பன்னும் சர்க்கரையில்லாத டீயும்: 132, 146, 139. இதற்குப் பன் மட்டும் காரணமில்லை. அதற்குள் மாத்திரை மூன்று மாதம் வேலை செய்திருக்கிறது, எடை குறைந்திருக்கிறது, டீயில் சர்க்கரையும் போய்விட்டது. ஆனாலும் கணக்கு புரியும்படிதான் இருக்கிறது. 60 கிராம் கடைப் பன்னில் சுமார் 30 கிராம் மாவுச்சத்து. எங்கள் பன் ஒன்றில் நார் போக 2 கிராம்.

எங்களை ஏமாற்றிய ஒரு நாளையும் சொல்ல வேண்டும். பனீர் கேக் ஒன்று செய்தேன். அதில் மாவே கிடையாது. இனிப்புக்கு ஸ்டீவியா பொடி, சர்க்கரைக்குச் சமமாக அளந்து போடலாம் என்று பாக்கெட்டில் இருந்தது. 129 இருந்தவருக்கு ஒரு மணி நேரத்தில் 178. மூன்று நாளும் அப்படியே. பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தைப் படித்தேன். முதல் பொருள் மால்டோடெக்ஸ்ட்ரின். அது ஸ்டார்ச்சை உடைத்துச் செய்யும் தூள், சர்க்கரையைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும். ஸ்டீவியா என்பது அதில் ஒரு சிட்டிகை. "சுகர் ஃப்ரீ" என்று விற்கும் பிஸ்கட்டுகளும் இப்படித்தான். சர்க்கரை இருக்காது, மைதா இருக்கும், ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றும் மால்டிட்டால் என்ற இனிப்பு இருக்கும். முன்பக்கத்தைப் பார்த்து வாங்கும் பழக்கத்தை அன்றோடு விட்டோம்.

அதே கேக்கை, எரித்ரிட்டால் என்ற சர்க்கரை மாற்று இனிப்பில் செய்தபோது எண் நகரவில்லை. எரித்ரிட்டால் அளவு கூடுவதற்கும் மாரடைப்பு, பக்கவாதத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2023-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அது முடிந்த முடிவு இல்லை, தொடர்பைத்தான் காட்டியது. இருந்தாலும் நான் அதை வாரம் ஒரு முறைக்கு மேல் எடுப்பதில்லை. இனிப்பின் அளவையும் மாதா மாதம் குறைத்துக்கொண்டே வந்தேன். இப்போது அந்தக் கேக்கில் மூன்றில் ஒரு பங்குதான் போடுகிறேன், யாரும் கேட்கவில்லை.

அந்தக் கேக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் பத்து மாதத்தில் வீட்டில் எல்லாரும் சேர்ந்து விரும்பிய ஒரே பண்டம் அதுதான். பனீர் 250 கிராம், துணியில் தொங்கவிட்டு நீர் வடித்த தயிர் 200 கிராம், முட்டை மூன்று, ஏலக்காய், எலுமிச்சைத் தோலின் துருவல். மிக்ஸியில் அடித்துக் கிண்ணத்தில் ஊற்றி, இட்லிப் பானையில் வைத்து, மூடியைச் சற்றே விலக்கி, சிறு தீயில் 40 நிமிடம். ஓடிஜி வேண்டாம். கொதிக்கக் கொதிக்க ஆவி விட்டால் முட்டை திரிந்து ஓட்டை ஓட்டையாகும், அதனால்தான் சிறு தீ. மாமியார் ஒரு வாய் எடுத்தவுடன், "சீம்பால் மாதிரி இருக்கு" என்றார். கன்று ஈன்ற வீட்டிலிருந்து வரும் சீம்பாலை ஆவியில் வைத்து இறக்கித் தின்ற தலைமுறை. அந்தச் சொல் எனக்குப் பெரிய வெளிச்சம். பன்னை மாவில்லாமல் செய்ய நான்கு மாதம் ஆனது. மாவே எப்போதும் இல்லாத பண்டத்துக்கு இரண்டு நாள்தான் ஆனது.

அதன்பிறகு நான் தேடும் திசையே மாறியது. காலிஃபிளவரைத் துருவி இட்லி செய்வது மாதிரியான வேலைகளை விட்டேன். அது இட்லி இல்லை, காலிஃபிளவருக்கும் நல்லது இல்லை. சொதிக்கும் மீன் குழம்புக்கும் பக்கத்தில் அதே துருவலைப் பிழிந்து, நெய்யில் வதக்கி, கடைசியில் உப்புப் போட்டு வைத்தால் நன்றாகப் பொருந்துகிறது. முன்னாலேயே உப்புப் போட்டால் தண்ணீர் விட்டுவிடும். புளிக்குழம்புக்கு அது ஒத்துவரவில்லை, அதற்குச் சோறுதான் வேண்டும். புளிக்குழம்பு வைக்கும் நாளில் அவர் ஒரு கரண்டிச் சோறு போட்டுக்கொள்கிறார்.

கொழுப்பின் பக்கம்

மாவைக் குறைத்தால் அந்த இடத்தில் ஏதாவது வர வேண்டும், வருவது கொழுப்பு. முதல் மூன்று மாதம் நான் இதில் தாராளமாக இருந்தேன். காலையில் முட்டையை வெண்ணெயில் பொரித்தேன், மத்தியானம் தேங்காயெண்ணெயில் வதக்கல், பன்னுக்கு மேலே விரற்கடை வெண்ணெய். பசி எடுக்கவில்லை, எடை குறைகிறது, சர்க்கரை இறங்குகிறது, பிறகென்ன என்று இருந்தேன்.

ஜனவரி கடைசியில் எடுத்த பரிசோதனையில் எச்பிஏ1சி 6.9. எடை 77. டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. ஆனால் கெட்ட கொழுப்பு என்று சொல்லும் எல்டிஎல் 118-லிருந்து 151-க்கு ஏறியிருந்தது. மருத்துவர் கோபப்படவில்லை. "ஒண்ணைச் சரி செய்யப்போய் இன்னொண்ணைக் கெடுத்துக்க வேண்டாம்மா" என்றார். சர்க்கரை நோய் உள்ளவருக்கு இதயம்தான் முதல் கவலை என்பதை அவர் விளக்கியபோது எனக்கு உள்ளே நடுங்கியது. அந்த வெண்ணெயை எல்லாம் தடவியது என் கை.

கொழுப்பின் மொத்த அளவைப் பெரிதாகக் குறைக்கவில்லை, வகையை மாற்றினோம். பன்னுக்கு மேலே வெண்ணெய்க்குப் பதில் வேர்க்கடலை விழுது. சமையல் நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும். தேங்காய் சொதியில் மட்டும். சாளையும் நெத்திலியும் வாரம் மூன்று நாளிலிருந்து ஐந்து நாளாயின, எங்கள் ஊரில் அதற்குக் குறைவில்லை. கீரை இரண்டு வேளை. ஜூன் மாதப் பரிசோதனையில் எல்டிஎல் 126, எச்பிஏ1சி 6.4. அப்போதும் மருத்துவர் மெட்ஃபார்மினை நிறுத்தவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இந்த முறையை எடுக்கிறவர்கள் முதல் வாரத்தில் வரும் தலைவலியைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். மாவு குறையும்போது இன்சுலின் குறைகிறது, சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் கூடுதலாக வெளியே தள்ளுகிறது. அவருக்கு உப்புப் போட்ட மோர் இரண்டு தம்ளர் போதுமானதாக இருந்தது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறவர் இதையும் மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். இசப்கோல் பன் சாப்பிடும்போது தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும். மாத்திரை நேரத்தோடு அது சேரவும் கூடாது, மருந்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். நாங்கள் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுகிறோம்.

செலவு கண்ணை உறுத்தத்தான் செய்கிறது. 2024-ல் எட்டு பன்னுக்குப் பாதாம் 135 ரூபாய், இசப்கோல் 60, முட்டை, வெண்ணெய், மின்சாரம் எல்லாம் சேர்த்து 250 அருகில் வந்தது. ஒன்று 31 ரூபாய். கடையில் அப்போது 10 ரூபாய். எல்லா வீட்டாலும் இது முடியாது என்று எனக்குத் தெரியும். பாதாமில் பாதியை வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை மாவாக மாற்றிப் பார்த்ததில் 24 ரூபாய் அளவுக்கு இறங்கியது. கடலை வாசம் தெரியும், ஆனால் நனைகிறது. கலோரிக் கணக்கிலும் யாரும் ஏமாறக் கூடாது. எங்கள் பன் ஒன்று 145 கலோரி, கடைப் பன்னுக்கு அதிகம் குறைவில்லை. மேலே தடவுவதைச் சேர்த்தால் முந்திவிடும். ஆகவே ஒரு நாளைக்கு ஒன்றுதான்.

இந்தியர்களின் சாப்பாட்டைப் பெரிய அளவில் ஆராய்ந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இந்தியாப் ஆய்வுக் குழு 2022-ல் சொன்னது, புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்கள் மாவுச்சத்தை மொத்தக் கலோரியில் 49 முதல் 54 சதவீதத்துக்குக் கொண்டுவந்து புரதத்தைக் கூட்டலாம் என்பதுதான். நாங்கள் அதைவிடக் கீழே போனோம், மருத்துவர் பார்வையில் போனோம். இவ்வளவு கீழே போகாமலே சோற்றைக் குறைத்து, பயறும் மீனும் முட்டையும் கூட்டினாலே பலன் உண்டு என்பதை ஒவ்வொரு முறையும் என்னிடம் கேட்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

மக்ரூன்

ஊர் தூத்துக்குடி என்றாலே மக்ரூன் செய்தாயா என்று கேட்பார்கள். செய்தேன். அதில் மைதா கிடையாது. முட்டை வெள்ளை, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான். மாவே இல்லாத பண்டம், ஆகவே சுலபம் என்று நினைத்தேன். முந்திரிக்குப் பதில் பாதாம், சர்க்கரைக்குப் பதில் எரித்ரிட்டால். நுரை நன்றாகவே எழும்பியது. ஆனால் மக்ரூனில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. நுரையின் தண்ணீரைப் பிடித்துக் குமிழிகளை உடையாமல் காப்பதும், மெதுவான சூட்டில் காய்ந்து அந்த மொறுமொறுப்பைக் கொடுப்பதும் அதுதான். எரித்ரிட்டால் ஆறும்போது மறுபடி படிகமாகிவிடும். வாயில் வைத்தால் மணல் மாதிரி நறநறத்து, நாக்கில் சில்லென்று இருந்தது. ஆறு முறை செய்தேன். ஆறாவதையும் அடுத்த நாள் கடற்காற்று கூழாக்கியது.

ஆகஸ்ட் 5, 2024. பனிமய மாதா கோயில் திருவிழா. ஊரே அங்கேதான் இருக்கும், நாங்களும் போனோம். திரும்பும்போது பேக்கரியில் கால் கிலோ மக்ரூன் வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஒன்றை எடுத்துத் தராசில் வைத்தேன். 7 கிராம். பாதிக்கு மேல் காற்றுதான். முழுக்கச் சர்க்கரை என்றே வைத்துக்கொண்டாலும் ஏழு கிராமைத் தாண்டாது. எங்கள் ஒரு நாள் கணக்குக்குள் அது தாராளமாக அடங்கும். ஆறு முறை நான் எதைப் போலி செய்யப் பார்த்தேனோ, அதில் ஒன்றைச் சாப்பிடுவதில் முதலிலிருந்தே தடை இருந்திருக்கவில்லை.

மீன் குழம்பும் கீரையும் சாப்பிட்டு முடித்தபின் அவருக்கு ஒன்று கொடுத்தேன். பல்லில் படாமல், நாக்கில் வைத்தே கரைத்தார். சாப்பிடும் முன் 118, ஒரு மணி நேரம் கழித்து 127. மீட்டரின் பிழைக்குள் அடங்கும் வித்தியாசம். "இன்னொண்ணு?" என்று என் மகள் டப்பாவை நீட்டினாள். அவர் மூடியை அழுத்தி மூடி, மேல் அலமாரியில் வைத்துவிட்டு, நாளைக்குச் சாயங்காலத்துக்குப் பன் இருக்கிறதா என்று கேட்டார். ஃபிரிட்ஜில் மூன்று இருந்தது.